நடிகை கட்டின புடவை

ஆவி பட்ட பட்டுக்கு ஒரு வாசனை உண்டு. கடைக்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். சந்தனம், மல்லிகை என்று அறைக்குள் எதையாவது பீய்ச்சி மூடிவிடுவார்கள். ஆனால் நீராவிக் கருவி உஸ்ஸென்று மூச்சு விட்டுப் புடவைமேல் படிகிற கணத்தில், மடிப்புக்குள்ளிருந்து பட்டுப்புழு எழுந்து வரும். கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் ஈரமுடி, கொஞ்சம் உயிர். சென்னையில் ஒரு மாலில், நகரும் படிக்கு எதிரே இருந்த துணிக்கடையைத் தாண்டும்போது அந்த வாசனை என் முழங்கையைப் பிடித்து நிறுத்தியது. உள்ளே கறுப்புச் சீருடை போட்ட பெண் ஒருத்தி, தலையில்லாத பொம்மைக்கு ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். பொம்மையின் மேல் அரக்கு நிறப் புடவை. மெல்லிய பட்டில் அச்சடித்தது. முந்தானையில் அன்னப்பட்சிகள் வரிசையாகப் போயின. ஒரு பட்சி மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது.

அது எங்கள் வீட்டுப் பட்சி.

என் தம்பிக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை. முன்னால் கடை, பின்னால் தறிகள், மாடியில் வீடு. நான் ஊர், வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஓரிக்கையில் ஆற்றுக்குப் பக்கத்தில் வாடகை வீடு பிடித்துக்கொண்டவள். அங்கேயும் இருப்புக் கொள்ளாது. மத்தியானம் ஆனால் பஸ் ஏறித் தம்பி கடைக்கு வந்துவிடுவேன். கல்லாவை ஒட்டி உட்கார்ந்து, வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பேன். பட்டுக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை மிஞ்சாது.

புடவைக்குச் சினிமாப் பெயர் வைப்பது இந்த ஊரில் புதிதில்லை. படம் ஓடினால் புடவையும் ஓடும். படம் படுத்தால் மிச்சத்தைத் தீபாவளிக்குத் தள்ளிவிடுவார்கள். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. இப்போது விளையாட்டு இல்லை, உத்தரவு. பெண்கள் வாசற்படி ஏறும்போதே கைபேசியை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். தம்பி புடவையை விரித்துப் போட்டால், அதன் பக்கத்தில் கைபேசியை வைத்து, கைபேசியை மட்டும் பார்க்கிறார்கள். "இதுல லைட்டா இருக்குது, உங்களுது டார்க்கா இருக்குதே" என்பார்கள், திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருப்பதை மறந்து. ஒரு நட்சத்திரம் வெளிறிப்போன ரோஜா நிறத்தில் தாலி கட்டிக்கொண்டாள். அடுத்த முகூர்த்த மாதம் முழுக்க, மணப்பெண்கள் எல்லாம் விஷக்காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். பழுப்புக்கு மணல் என்று பெயர். சாம்பலுக்கு மூடுபனி. எதற்கும் பெயர் தெரியாவிட்டால் நியூட்.

"சாயம் சரியா ஏறலன்னா முன்னெல்லாம் திட்டித் திருப்பி அனுப்புவோம்" என்பான் தம்பி. "இப்ப அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு வெச்சி, கண்ணாடிக்குள்ள மாட்டி வெச்சிக்கினு இருக்கானுங்க."

அவன் சொன்னது புதிதாகத் திறந்த ஒரு பிராண்டு கடையை. நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். சுவருக்கு ஒரு புடவை. கர்ப்பக்கிருகத்தில் சாமிக்குக்கூட அவ்வளவு தனிமை கிடையாது. எங்கள் கடையில் வெள்ளை விரிப்பில் சம்மணம் போட்டு, குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி, பிடிக்கவில்லை என்று ஓரமாகத் தள்ளி, தள்ளியதையே கடைசியில் எடுத்துப் போவார்கள். அங்கே ஒரு முந்தானையின் நுனியை நான் தொட்டதும், ஒரு பெண் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்று சிரித்தாள். கையை எடு என்பதற்கு அவ்வளவு அழகான சிரிப்பை நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆகவே ஆகாதது பழைய புடவை மோகம். ஒரு நட்சத்திரம் விருது விழாவுக்குத் தன் அம்மாவின் புடவையைக் கட்டி வந்தால் அது எளிமை, அது பண்பாடு, அவள் பூமியையே காப்பாற்றிவிட்டாள். எங்கள் தெருவில் ஒருத்தி போன கல்யாணத்துக்குக் கட்டியதையே இந்தக் கல்யாணத்துக்கும் கட்டி வந்தால், அவள் கை கழுவப் போன இடைவெளியில் பந்தியில் கண்கள் பேசிக்கொள்ளும். துணி பழசா, பாரம்பரியமா என்பதைக் கட்டியவளின் வசதிதான் முடிவு செய்கிறது.

தம்பி மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானது. கடையின் இன்ஸ்டாகிராம் பக்கம் அவள் கையில்தான். நல்ல வாய்க்காரி. படத்துக்குக் கீழே அவள் எழுதுகிற இரண்டு வரியைப் பார்த்து எனக்குச் சில நாள் பொறாமைகூட வரும். முகூர்த்தப் புடவையைத் தம்பி வீட்டுத் தறியிலேயே போட்டான். அரக்கு உடல், இலைப்பச்சைக் கரை, முந்தானையில் அன்னப்பட்சி வரிசை. அதில்தான் அவள் வம்பு பிடித்தாள்.

"எல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கினு போனா ரேஷன் கடை கியூ மாதிரி இருக்குதுப்பா. ஒண்ணாவது திரும்பிப் பாக்கட்டும்."

"ஒரு பட்சிக்காகத் தனியா அட்டை அடிக்கணும்மா. வேற வேல இல்லியா எனக்கு?"

"கண்ணாலம் ஒரு தபாதான்பா."

தறிக்கு மேலே தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள்தான் எந்த இழையை எப்போது தூக்க வேண்டும் என்று சொல்லும். ஒரு கழுத்தைத் திருப்ப வேண்டுமானால் அந்த இடத்துக்குப் புது அட்டைகள் வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே அடித்துக் கோத்தான். பட்சி திரும்பிப் பார்த்தது.

தறியிலிருந்து அறுத்து இறக்கிய முகூர்த்தப் புடவையை எங்கள் வீடுகளில் யாரும் தோளில்கூடப் போட்டுப் பார்க்க மாட்டார்கள். கல்யாணப் பெண்ணும் சேர்த்துத்தான். மடித்து, மல் துணியில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்துவிடுவோம். நாள் நெருங்கும்போது நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, காமாட்சி சன்னிதியில் வைத்து வாங்கி வருவோம். அந்த மடி கலைவது மணப்பெண்ணின் உடம்பில்தான், முகூர்த்தத்தன்றுதான். கடையில் இருக்கிற புடவையை வருகிறவர் போகிறவர் தோளிலெல்லாம் போட்டுக் காட்டுகிற பிழைப்பு எங்களுடையது. அதனாலேயே வீட்டுப் பெண்ணின் புடவைக்கு இவ்வளவு கட்டுப்பாடு போலிருக்கிறது.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம். தம்பியும் அவன் மனைவியும் வாலாஜாபாத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். கடையில் நானும் தம்பி மகளும். வாசலில் கார் நின்று, சென்னையிலிருந்து ஒரு ஸ்டைலிஸ்ட் இறங்கினாள். நட்சத்திரங்களுக்கு என்ன உடுத்துவது என்று முடிவு செய்கிறவள். படப்பிடிப்புக்குக் கடைகளில் துணியை இரவல் வாங்கி, முடிந்ததும் திருப்பித் தருவது அவர்கள் வழக்கம். அதற்குக் கடையின் பெயரைப் படத்தோடு போடுவார்கள். டேக் என்பார்கள். அவள் சொன்ன நடிகையின் பெயரைக் கேட்டதும் தம்பி மகள் விரிப்பிலிருந்து எழுந்தே விட்டாள்.

புடவைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஸ்டைலிஸ்ட் எதையும் குனிந்து பார்க்கவில்லை.

"அழகா இருக்கு. ஆனா எல்லாமே கடைப் புடவை மாதிரியே இருக்கே."

"கடையில இருக்கிறது கடைப் புடவை மாதிரிதாம்மா இருக்கும்" என்றேன்.

சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுத் தம்பி மகளிடம் திரும்பினாள். "இன்னும் கொஞ்சம் ஆதென்டிக்கா எதுவும் இல்லையா டியர்? உங்க ஃபேமிலிக்குன்னு நெய்த மாதிரி?"

தம்பி மகளின் கண் மாடிப்படிக்குப் போனதை நான் பார்த்தேன். பின்னாலேயே ஏறிப் போனேன். பீரோவைத் திறந்துவிட்டிருந்தாள்.

"அது உன் முகூர்த்தப் புடவடீ."

"ஒரு மணி நேர ஷூட் அத்த. அப்டியே திரும்பி வந்துடும்."

"மடி கலைஞ்சிடும்."

"கலைஞ்சா நானே மடிப்பேன். பட்டுக்கடக்காரன் பொண்ணுக்கு மடிக்கத் தெரியாதா? அவங்க ஒரு தபா டேக் பண்ணா நம்ம கட எங்கயோ போயிடும். அவங்கள எவ்ளோ பேரு ஃபாலோ பண்றாங்கன்னு தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. என்னைப் பின்தொடர்வது ஓரிக்கையில் ஒரு தெரு நாய் மட்டும்தான், அதுவும் பிஸ்கட் தீரும் வரைக்கும்.

"உங்கப்பன்கிட்ட சொல்லிட்டுக் குடு."

"டேக் வரட்டும், அதையே காட்டிச் சொல்றேன். அப்ப திட்ட மாட்டாரு."

கீழே ஸ்டைலிஸ்ட் முந்தானையை விரித்துப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கும் பட்சியிடம் வந்ததும் முதல் முறையாகக் குனிந்தாள். "இதுதான்" என்றாள். உருட்டும் பெட்டிக்குள், செருப்புப் பைகளுக்குப் பக்கத்தில் புடவை போயிற்று.

ஒரு வாரம் கழித்துக் கூரியரில் வந்தது. தம்பி மகள் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தாள். ஆவி வாசனை. அதற்கு மேல் யாருடையதோ வாசனைத் தைலம். ஒரு ஜவுளிக்காரனின் வீட்டுக்குள் பட்டு வாசனை எனக்கு அந்நியமாகப் பட்டது அன்றைக்குத்தான். "ஃபேன் போட்டு வெச்சா போயிடும் அத்த" என்று சொல்லிக்கொண்டே மடித்தாள். நன்றாகத்தான் மடித்தாள். மல் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்தாள். பிறகு கைபேசியும் கையுமாக உட்கார்ந்தாள்.

ஆனி முடிவதற்குள் படம் வந்துவிட்டது. நடிகை எங்கள் புடவையில், மரநாற்காலி ஒன்றில், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு. கீழே பெயர்கள். படம் எடுத்தவர், முடி, முகப்பூச்சு, கம்மல், நகப்பூச்சு, பின்னால் இருந்த பூச்சாடி. எல்லாவற்றுக்கும் ஒரு பெயர். புடவைக்கு மட்டும் இப்படி இருந்தது: "அம்மாவின் அலமாரியிலிருந்து."

தம்பி மகள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள், கண் தவறிவிட்டதோ என்று. படத்துக்குக் கீழே பணிவாக ஒரு வரி எழுதினாள். கொஞ்ச நேரத்தில் அந்த வரி காணாமல் போனது. ஸ்டைலிஸ்டுக்குச் செய்தி அனுப்பினாள். பதிலாக ஓர் இதயம் வந்தது. அதுவும் சிவப்பு இல்லை, இந்தக் காலத்து நிறம், வெள்ளை.

அடுத்து ஒரு காணொளி. நடிகை கண் கலங்கப் பேசினாள். அந்தத் திரும்பிப் பார்க்கும் பட்சியைக் காட்டித்தான் சின்ன வயசில் அம்மா அவளுக்குச் சோறு ஊட்டினாளாம். எங்கள் தறியிலிருந்து அந்தப் பட்சி இறங்கிய ஈரமே இன்னும் காயவில்லை. அழுகையில் பொய் தெரியவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவேளை அவளிடமும் அப்படித்தான் சொல்லிக் கட்டிவிட்டார்களோ என்னவோ. அந்தத் தொழிலில் யார் யாருக்குப் பொம்மை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆடித் தள்ளுபடிக்கு ஒரு பிராண்டு அதை அச்சடித்து இறக்கியது. அரக்கு, பச்சைக் கரை, வரிசை, திரும்பிய கழுத்து எல்லாம் அப்படியே. சென்னை மாலில் பொம்மையின் மேல் நான் பார்த்தது அதைத்தான். எங்கள் கடைக்கு வருகிற பெண்களும் அந்தப் படத்தையே நீட்ட ஆரம்பித்தார்கள். தம்பி மகள் அவர்களை வாசலிலேயே ஓடிப்போய் எதிர்கொண்டாள். அப்பன் கண்ணில் படம் பட்டால் பட்சியைக் கண்டுபிடித்துவிடுவான். "அந்த மாடல் ஸ்டாக் இல்லக்கா" என்று அவள் சொல்லும்போது நான் தெருவைப் பார்த்துக்கொள்வேன். சொல்லிவிடு என்றால், "கண்ணாலம் முடியட்டும் அத்த, நான் கட்டிக்கினு நிக்கும்போது யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்பாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அந்தப் புடவையில் மேடையில் உட்கார வேண்டும். நட்சத்திரம் எதை எடுத்துக்கொண்டாலும் அதை எடுக்க முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

ஆவணி பிறந்து, மஞ்சள் தடவுகிற நாள் வந்தது. தம்பி மனைவி குளித்துவிட்டு ஈரத்தலையோடு புடவையை எடுத்து மடியில் வைத்து, ஒவ்வொரு மூலையாகப் பிரித்தாள். முந்தானையின் மேல்மூலையில் விரல் நின்றுவிட்டது. அங்கே முகப்பூச்சு அப்பியிருந்தது, தோல் நிறத்தில், ஒரு கன்னம் உரசிய அளவுக்கு. கொஞ்சம் தள்ளி, ஊசி குத்திய துளை. முகர்ந்து பார்த்தாள்.

"யாரு கட்டினது இத?"

அவள் கேட்டது உரக்கக்கூட இல்லை. பக்கத்து அறையில் இருந்த தம்பி எழுந்து வந்துவிட்டான். தம்பி மகள் கைபேசியில் படத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். தம்பி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டான். விரலால் பெரிதாக்கிப் பட்சியைப் பார்த்தான். பிறகு கரையை. பிறகு கொசுவத்தை. வெகுநேரம் பார்த்தான்.

"நல்லாத்தான் கட்டியிருக்குது" என்றான். "கொசுவம் அழகா எடுத்து வெச்சிருக்காங்க." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தான். "கடையிலேர்ந்து வேற ஒண்ணு எடுத்துக்கம்மா."

"ட்ரை வாஷ் குடுத்துடலாம்பா. கறை போயிடும்."

"கறை போவும்மா."

"ஒரு மணி நேரம் கட்டினதுக்குப் போயி..."

"தாலி ஏற எவ்ளோ நேரம் ஆவுது?" என்றாள் அம்மாக்காரி, மஞ்சள் கையைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி. "அதுவும் ஒரு நிமிசந்தான்."

"அத்த, நீயாவது சொல்லேன். நீ இதெல்லாம் நம்பறவளா?"

நான் நம்புகிறவள் இல்லை. சொன்னேன். "அவளுக்குன்னு நெய்ஞ்சதுதானடா. அவளே கட்டிக்கட்டும். யாரோ ஒருத்தி நடுவுல கட்டிட்டா உன் பொண்ணுது இல்லன்னு ஆயிடுமா?"

தம்பிக்கு என்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "அக்கா, கடைக்கு வர்ற எந்தப் பொண்ணுக்காவது, யாராச்சும் கட்டி அவுத்த பீஸ முகூர்த்தத்துக்குன்னு சொல்லி நான் குடுத்திருக்கேனா? ஊரான் பொண்ணுக்குக் குடுக்காதத என் பொண்ணுக்குக் குடுக்கச் சொல்றியா?"

 அவன் வாதத்தில் சாமி இல்லை, சகுனம் இல்லை, வியாபாரம் மட்டும்தான் இருந்தது. நாணயமான வியாபாரம் இவ்வளவு ஈவிரக்கம் இல்லாமல் இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முகூர்த்தத்தன்று அவள் கடை அலமாரியிலிருந்து எடுத்த அரக்குப் புடவையைக் கட்டினாள். குறை சொல்ல எதுவும் இல்லாத புடவை. யாரும் எதையும் கவனிக்கவில்லை. ஓமப் புகையில் கண்ணைத் துடைக்கிற சாக்கில் அவள் மட்டும் முந்தானையை அடிக்கடி முன்னால் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். அதிலும் பட்சிகள்தான். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, ரேஷன் கடை வரிசையாக.

சாயங்காலம் வரவேற்பு. அதற்கு அந்தப் புடவையைக் கட்டிக்கொள்ள விட்டார்கள். கறை போயிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அரக்கு ஜ்வலித்தது. அவள் முகம் காலையிலிருந்து முதல் முறையாக இளகியது. நான் மேடைக்குக் கீழேயே நின்றேன், இதையாவது முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று. அப்போதுதான் மாப்பிள்ளையின் தங்கை மேடையேறினாள். சென்னைப் பெண், கபடமில்லாதவள். அவள் உடம்பில் அதே அரக்கு, அதே பச்சை, அதே திரும்பிய கழுத்து. அச்சடித்தது.

"ஐயோ அண்ணி, சேம் பின்ச்" என்று கையைக் கிள்ளினாள். "நீங்களும் அந்த நடிகை கலெக்‌ஷனா? சொல்லியிருந்தா நான் வேற கட்டியிருப்பேன்ல." முந்தானையைக் கையில் ஏந்தி எடை பார்த்தாள். "உங்களுது எங்க எடுத்தீங்க? இவ்ளோ கனமா இருக்கு. ஒரிஜினல் இப்டி இருக்காது அண்ணி. மடிச்சா ஹேண்ட்பேக்லயே போயிடும். என்னுத பாருங்களேன்."

நான் மேடைப் படியில் கால் வைத்தேன். தம்பி மகள் என்னைப் பார்த்து, தலையை மிக லேசாக அசைத்தாள். வேண்டாம். பிறகு நாத்தனாரின் முந்தானையைத் தடவிப் பார்த்து, "ஆமா, உன்னுது சாஃப்டா இருக்குது" என்றாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா நில்லுங்க மேடம், செமயா இருக்கும்" என்றான் புகைப்படக்காரன். நின்றார்கள். அந்தப் படம்தான் நாத்தனாரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எல்லோரும் பார்த்த படம். அதிலும் கீழே டேக் இருந்தது. பிராண்டின் பெயர்.

மறுநாள் காலை காருக்குள் பெட்டிகள் ஏறின. சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு நடுவே மாப்பிள்ளை உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தார். தம்பி கடைக் கதவைத் திறக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டான். தம்பி மனைவி குங்குமம் வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒதுங்கினாள். தம்பி மகள் கடைசியாக என்னிடம் வந்து, ஒரு துணிப்பையை என் கையில் திணித்தாள். கனத்திலேயே தெரிந்தது. மறுபடியும் மடித்து மல் துணியில் சுற்றியிருந்தாள்.

"இத எடுத்துக்கினு போகலியா?" என்றேன். "உனக்குன்னு அப்பன் அட்டை அடிச்சது."

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியைப் பாதி இறக்கினாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கடைப் பக்கத்துக்குப் படம் போட்டு இரண்டு வரி எழுதுவாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

"கடையில போடு அத்த. அந்த நடிகை கட்டினதுன்னு சொல்லு, ஒரே நாள்ல போயிடும்."